அடுப்பு அணைந்திருக்கிறதா

நான்கு குமிழ்கள்.
இன்று காலை மட்டும் பதினோரு முறை தொட்டாயிற்று.
எங்கள் ஐந்தாம் மாடிக்கும் தெருக்கதவுக்கும் இடையே
தொண்ணூற்றிரண்டு படிகள்.
ஜிந்த்ரா இறங்கியவை, பாதியில் திரும்பி ஏறியவை,
எல்லாம் கூட்டினால்
ரீகாவில் அவ்வளவு உயரக் கோபுரம் கிடையாது.

கீழ்வீட்டு ஹரியெஸ் நாயோடு ஒதுங்கி வழிவிடுவார்:
"மறுபடி சாவியா?"
"ஆமாம்" என்பாள்.
ஒரே குளிர்காலத்தில் இருநூறு சாவிகளை மறந்தவள்.

நான் டிராலிபஸ் ஓட்டுகிறவன்.
எனக்குத் தெரிந்த பரிவு, கேட்டால் பதில் சொல்வது.
அணைந்திருக்கிறதா? அணைந்திருக்கிறது.
நிச்சயமாக? நிச்சயமாக.
பிறகு படமெடுத்து அனுப்பத் தொடங்கினேன்.
பல் மருத்துவமனை வரவேற்பு மேசைக்கடியில்
விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள், குமிழ் குமிழாக.
எங்கள் கல்யாணப் படங்கள் அறுபது.
அடுப்பின் படங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்.

நெருப்பு அடுப்பில் இல்லை.
அவள் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தாள்.
நான் எரிய விட்டுக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொரு "நிச்சயமாக"வும் ஒரு சுள்ளி.

இதைச் சொன்னவர் ஆக்னெஸே,
ஆறிப்போன தேநீரோடு, குற்றம் சாட்டாமல்.
எண்ணச் சுழற்சி நோய் என்று
ஒரு தாளில் எழுதித் தந்தார்.
ஜிந்த்ரா சிரித்துவிட்டாள்:
"இதற்குப் பெயர் வேறு இருக்கிறதா?
இத்தனை வருஷம்
இதன் பெயர் ஜிந்த்ரா என்றல்லவா நினைத்திருந்தேன்."

மாத்திரை.
முதல் இரண்டு வாரம் குமட்டல், கொட்டாவி, விடியாத இரவு.
குப்பையில் போடு என்று சொன்னது நான்தான்.
அவள் போடவில்லை.
ஏழாவது வாரமோ என்னவோ,
அலறிக்கொண்டிருந்த வானொலியை யாரோ
பக்கத்து அறைக்கு எடுத்துப் போனார்களாம்.
அணைக்கவில்லை. எடுத்துத்தான் போனார்கள்.

அப்புறம் வீட்டுப்பாடம்.
ஒரு முறை அணை. பார்க்காதே. பூட்டு. இறங்கு.
நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்.
பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று சொல்.
மைனஸ் ஒன்பது குளிர். மடியில் கறுப்பு ரொட்டி.
தொண்ணூறு, என்றாள்.
"இல்வார்ஸ், அணைந்திருக்கிறதா?"

எனக்கு அனுமதித்த சொல் ஒன்றே ஒன்று.
"தெரியாது."

இருபது வருஷத்தில் அவளிடம் நான் பேசிய
கொடுஞ்சொல் அதுதான்.
கையுறையால் அடித்தாள். தொண்ணூற்றைந்து.
அழுதாள். தொண்ணூற்றைந்து.
என் சகா விஸ்வால்திஸ் வண்டியில் கடந்துபோனான்,
கையசைத்தான், நாங்கள் அசைக்கவில்லை.
எண்பது.
நான் மேலே எங்கள் ஜன்னலைப் பார்க்காமல்
என் பூட்ஸ் நுனியையே பார்த்தேன்,
பார்த்தால் அதுவும் பதிலாகிவிடும்.
நாற்பது நிமிஷமிருக்கும். அறுபது.
ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.
யாரும் பயத்தை விரட்டவில்லை.
உட்கார்ந்து உட்கார்ந்து அதற்கே அலுத்துவிட்டது.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை
தெருவில் தீயணைப்பு வண்டி.
ஓடினாள், தொண்ணூற்றிரண்டும். மூன்று முறை.
எல்லாம் போயிற்று என்று ஆக்னெஸேயிடம் விம்மினாள்.
"மூன்றுதானா?" என்றாராம் அவர்,
பேனா மூடியைக் கழற்றியபடி.

இன்று அவளுக்கு முன்பே வேலை.
நான்தான் கடைசியாகப் பூட்டி வந்தேன்.
தௌகாவா பாலத்தின் நடுவில் நெரிசல்,
கீழே ஆற்றில் பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசுகின்றன.
திடீரென்று எனக்குள்:
காபி வைத்தேனே,
அந்த இடப்பக்கக் குமிழ்?

செல்பேசியில் படமில்லை.
எல்லாவற்றையும் அவளே அழித்திருந்தாள்.
தெரியாது, என்றேன் கண்ணாடியைப் பார்த்து.
முப்பது இருக்கும், நூற்றுக்கு.
அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறந்தேன்.
ஏறினார்கள்,
எங்கெங்கோ எதையெதையோ
அணைத்தும் அணைக்காமலும் வந்தவர்கள்,
உள்ளங்கையில் சில்லறையோடு.